ஒத்தக்கடையில் ஒரு பார்வோ குட்டி: பதினோரு நாள் நிகழ்வு ஆய்வு

செம்பி. பெட்டை நாய்க்குட்டி, நாட்டு இனம், செந்நிறம். வயது ஏறக்குறைய 9 வாரம். நோய் வருவதற்கு ஆறு நாள் முன்பு எடை 3 கிலோ 120 கிராம். தடுப்பூசி எதுவும் போடவில்லை. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் பூச்சி மருந்து மட்டும் ஒரு தடவை கொடுத்திருந்தோம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மனிதர்களுக்கான மருத்துவமனையில் பதினான்கு வருடமாகச் செவிலியர். இந்தத் தொழில் சில இடங்களில் கைகொடுத்தது, ஓர் இடத்தில் காலை வாரியது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

யானைமலைப் பக்கம் எங்கள் தெருமுனை டீக்கடைக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்தில் ஒரு தெருநாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் அதில் ஒன்றைத் தூக்கி வந்தான். அதற்குள் இரண்டு குட்டிகள் செத்திருந்தன. "வெயில் தாங்கலக்கா" என்றார் டீக்கடை அண்ணன். சித்திரை வெயில், மதுரை, தகரக் கூரை. நானும் நம்பினேன். ஒரே ஈற்றில் இரண்டு குட்டிகள் அடுத்தடுத்துச் சாகின்றன என்றால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். வார்டில் இரண்டு குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் பேதி வந்தால் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். வீட்டில் அது தோன்றவில்லை.

எடை எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிறவர். உதிரி மல்லி நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசை இரவில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். குட்டி வந்த அன்று என் மகன் விளையாட்டாக அதைத் தராசில் உட்கார வைத்து 3.120 என்று காலண்டரில் எழுதி வைத்தான். அந்த விளையாட்டு இல்லாவிட்டால் பின்னால் வந்த எந்தக் கணக்கும் கிடையாது.

முதல் நாள், ஞாயிறு

சாயங்காலம் பால்சோற்றைத் தொடவில்லை. குளியலறை வாசலில் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் வயிற்றை ஒட்ட வைத்துப் படுத்துக்கொண்டது. இரவு ஒன்பதுக்கு மஞ்சள் நுரையாக வாந்தி. பத்தரைக்கு மறுபடியும். இந்தத் தடவை நூடுல்ஸ் மாதிரி ஒரு உருளைப் புழு வெளியே வந்தது.

எங்களை ஏமாற்றியது அந்தப் புழுதான். "அதான பார்த்தேன், பூச்சி. வெளிய வந்துருச்சுல்ல, இனிச் சரியாப் போகும்" என்றார் அம்மா. எனக்கும் நிம்மதி. கண்ணுக்குத் தெரிந்த ஒரு காரணம் கிடைத்துவிட்டால் தெரியாததைத் தேட யாருக்கும் மனசு வராது. தெருக்குட்டி வயிற்றில் புழு இருப்பது சாதாரணம். புழு இருப்பதால் வேறு நோய் இல்லை என்று ஆகிவிடாது.

அம்மா ஓமத் தண்ணீர் கொதிக்க வைத்தார். நான் ஓஆர்எஸ் கலந்தேன். சிரிஞ்சில் 20 மில்லி கொடுத்தேன், ஐந்து நிமிடத்தில் அப்படியே திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தேன், மறுபடி வந்தது. கொடுத்ததைவிட வந்தது அதிகம் என்று அப்போது உறைக்கவில்லை. உடம்பு சுடுவது போல இருந்ததால் மகனுக்கு வாங்கி வைத்திருந்த பாராசிட்டமால் சிரப்பைக்கூட எடுத்துவிட்டேன். மூடியைத் திறந்தபோது ஏதோ தடுத்தது, வைத்துவிட்டேன். பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாய்க்கு எளிதில் விஷமாகும் என்று மறுநாள்தான் டாக்டர் சொன்னார்.

இரண்டாம் நாள், திங்கள்

காலையில் காபித்தூள் கரைசல் போலப் பேதி. எனக்கு ஏழு மணி டூட்டி. போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மூன்று மணிக்குத் திரும்பியபோது கூடம் முழுவதும் ஒரு வாடை. அழுகலும் இரத்தமும் கலந்து, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் வாடை. பேதி இப்போது சிவப்பாகவே இருந்தது. குட்டி தலையைத் தூக்கவில்லை, என் குரலுக்கு வால் நுனி மட்டும் ஒரு தடவை அசைந்தது.

முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். செம்பிக்குக் கூடாரம் மாதிரி நின்று, மெதுவாக இறங்கியது. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தினேன். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். மூன்று எண்ணியும் வரவில்லை.

ஐந்து மணிக்குக் கிளினிக். அங்கே எடை 2.850. காலண்டரில் இருந்த 3.120-லிருந்து 270 கிராம் போயிருக்கிறது, அதாவது உடம்பில் எட்டரை சதவீதத்துக்கு மேல். ஒரே நாளில் கொழுப்போ தசையோ இவ்வளவு கரையாது. போனதெல்லாம் தண்ணீர். மலத்தைப் பஞ்சில் தொட்டுச் சோதனைக் கிட்டில் விட்டதும் சில நிமிடத்தில் இரண்டு கோடு. இரத்தத்தில் வெள்ளணு 2,100. நாய்க்கு ஆறாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

"சிஸ்டர், இது பார்வோ" என்றார் டாக்டர். "பூச்சி இல்ல."

நோய் என்ன செய்கிறது

பார்வோ வைரஸ் நாய்களுக்குப் பழைய நோய் இல்லை. 1978 வாக்கில்தான் உலகம் முழுவதும் தலைகாட்டியது. பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். வேகமாகப் பிரிந்து பெருகும் செல்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே போய் உட்காரும். குட்டியின் உடம்பில் அப்படிப்பட்ட இடங்கள் முக்கியமாக இரண்டு: குடலின் உள்சுவரை ஓயாமல் புதுப்பிக்கும் செல்கள், எலும்பு மஜ்ஜை. முதலாவது அழிந்தால் குடல் சுவர் உரிந்த தோல் மாதிரி ஆகிவிடும், தண்ணீரை உறிஞ்சாது, இரத்தம் கசியும், குடலில் இருக்கும் பாக்டீரியா இரத்தத்துக்குள் நுழையும். இரண்டாவது அழிந்தால் அந்தப் பாக்டீரியாவை எதிர்க்க வெள்ளணு இருக்காது. ஒரே நேரத்தில் கதவையும் உடைத்துக் காவலாளியையும் கொல்கிற நோய்.

வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் அந்தக் கிளினிக்கில் இல்லை. கொடுப்பதெல்லாம் தண்ணீர், உப்பு, சர்க்கரை, வாந்தியை நிறுத்தும் ஊசி, பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக். குடல் தானாக மறுபடி முளைக்கும்வரை உயிரைப் பிடித்து வைத்திருப்பதுதான் மொத்த வைத்தியமும்.

வீட்டுக்கு ஏன் வந்தோம்

திங்கள் இரவு ஒன்பதரை வரை கிளினிக்கில் டிரிப்ஸ் ஏறியது. ராத்திரி நாயை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வசதி அங்கே கிடையாது. செவ்வாய் காலையில் மறுபடி போய் நான்கு மணி நேரம் ஏற்றினோம். நண்பகலில் முன்னங்காலில் போட்டிருந்த ஊசிக்குழாய் அடைத்து, கால் வீங்கிவிட்டது. மற்றக் கால்களில் நரம்பு சிக்கவில்லை.

அன்று எதிர்சேவை, சித்திரைத் திருவிழாவில் அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் நாள். மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை ஜனத்தலை. கிளினிக்கும் புதன்கிழமை திறக்காது. டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நீங்க நர்ஸுங்கிறதாலதான் குடுத்தனுப்புறேன், வேற யாரா இருந்தாலும் மாட்டேன்" என்று சொல்லி ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் திரவ பாட்டில்களையும் ஊசிகளையும் எடுத்து வைத்தார். தோலுக்கு அடியில், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, 110 மில்லி. வாந்தி ஊசி தினம் ஒன்று, ஆன்டிபயாடிக் ஊசி தனி. எந்த நேரமும் போன் செய்யலாம்.

இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த வழி இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 பார்வோ நாய்களை இரண்டு பாதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி நிலைப்படுத்தினார்கள். பிறகு ஒரு பாதியை உள்நோயாளியாக வைத்துக்கொண்டார்கள், மறு பாதிக்கு வீட்டில் செய்யக்கூடிய முறையில் தோலடித் திரவமும் ஊசிகளும் கொடுத்தார்கள். உள்ளே இருந்தவற்றில் 90 சதவீதம் பிழைத்தன, வீட்டு முறையில் 80. அந்தப் பத்து சதவீத வித்தியாசத்தை நான் மறக்கவில்லை. நாங்கள் எடுத்தது இரண்டாவது நல்ல வழி. முதல் வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

செவ்வாய் இரவு

பாட்டிலை வெந்நீர் வாளியில் போட்டு, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சுடாமலும் குளிராமலும் இருந்த பிறகு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலைத் தூக்கினால் அடியில் ஒரு பை மாதிரி வரும், ஊசி அதற்குள் போக வேண்டும். ஏறிய நீர் அங்கேயே திமில் போலத் திரண்டு நிற்கும். பிறகு மெல்ல உறிஞ்சப்பட்டு மறையும். சில நேரம் திமில் சரிந்து முழங்கால் பக்கம் இறங்கித் தொங்கும், பயப்பட ஒன்றுமில்லை. வாந்தி ஊசி மருந்தைக் குளிரவைத்துப் போட்டால் எரிச்சல் குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். உண்மைதான். கிளினிக்கில் வீறிட்ட குட்டி வீட்டில் முனகியதோடு சரி.

வார்டில் எழுதும் பழக்கத்தில் ஒரு நோட்டில் உள்ளே போனது, வெளியே வந்தது எல்லாம் எழுதினேன். பேதியை அம்மாவின் பழைய நூல்சேலைத் துண்டுகளில் பிடித்து, துண்டை நிறுத்து, காய்ந்த துண்டின் எடையைக் கழித்தேன். பூக்கார மாமா தராசைத் தந்திருந்தார். அதிகாலை நாலுக்குள் திருப்பித் தர வேண்டும், ஆற்றில் இறங்கும் நாள் அவருக்கு வருடத்திலேயே பெரிய வியாபாரம். தராசில் மல்லி வாசம். அதன் மேல் பிளாஸ்டிக் கூடையில் இந்த ஜீவன்.

இரவு பதினொன்றரைக்குத் திரவம் ஏற்றி முடித்து நிறுத்தேன்: 2.960. மூன்றரைக்கு மறுபடி: 2.890. நான்கு மணி நேரத்தில் 70 கிராம்தான் குறைந்திருக்கிறது. நேற்றோடு ஒப்பிட்டால் நல்ல எண். நோட்டில் எழுதிப் பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டேன்.

அப்புறம் கூடையிலிருந்து தூக்கும்போது காது கையில் பட்டது. ஜில்லென்று இருந்தது.

தெர்மாமீட்டர் 97.2 காட்டியது. நாய்க்கு 100.5-க்குக் கீழே போகக்கூடாது. ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. முதுகைத் தடவினேன். பதினொன்றரைக்கு ஏற்றிய திமில் அப்படியே இருந்தது, கரையவே இல்லை. அப்போதுதான் புரிந்தது. தராசு காட்டிய எடையில் நான் ஊற்றிய தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் தோலுக்கு அடியில் கிடக்கிறது, இரத்தத்துக்குப் போகவில்லை. உடம்பு குளிர்ந்து இரத்த ஓட்டம் உள்ளுறுப்புகளுக்குச் சுருங்கிவிட்டால் தோலிலிருந்து எதையும் உறிஞ்சாது. எண் நன்றாக இருந்தது, குட்டி செத்துக்கொண்டிருந்தது. பதினான்கு வருடம் சார்ட் எழுதிய கைக்கு முதலில் எண்ணைப் பார்க்கத்தான் தெரிந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். "ஈறுல குளுக்கோஸ் தேய்ங்க, முழுங்க வைக்காதீங்க. மெதுவாச் சூடு பண்ணுங்க. சூடாகாம இன்னும் தண்ணி ஏத்தாதீங்க. விடிஞ்சும் எந்திரிக்கலன்னா எப்படியாவது கொண்டாங்க, நான் கிளினிக்கத் தொறக்குறேன்."

குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஈறில் தடவினேன். சாப்பிடாத சின்னக் குட்டிக்கு இரத்தச் சர்க்கரை சட்டென்று விழும். மகன் இரண்டு தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, அவனுடைய பள்ளிக்கூட சாக்ஸுக்குள் போட்டுக் கொண்டுவந்தான். பாட்டில் நேரடியாகப் பட்டால் பொசுங்கிவிடும். வெளியே சித்திரை மாதப் புழுக்கம், மின்விசிறியை நிறுத்தியதில் எங்களுக்கு வேர்த்துக் கொட்டியது, குட்டி மட்டும் குளிர்ந்து கிடந்தது.

நாலு மணிக்கு மாமா தராசு கேட்டு வந்தார். வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். "ஏந்தாயி, இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "தராசு இங்கயே இருக்கட்டும். நான் மார்க்கெட்டுல யார்கிட்டயாவது வாங்கிக்கிறேன்." அவ்வளவுதான், போய்விட்டார்.

ஐந்தேகாலுக்கு 99.4. திமில் தளர்ந்து ஓரங்கள் இறங்கியிருந்தன. அம்மா டிவியைச் சத்தமில்லாமல் வைத்து அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நேரத்தில் கும்பிட்டார், யாருக்காகக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. ஆறரைக்கு ஈறில் லேசாக இளஞ்சிவப்பு திரும்பியது. டாக்டரிடம் சொல்லிவிட்டு, அடுத்த திரவத்தை ஒரே இடத்தில் ஏற்றாமல் இரண்டு இடத்தில் பாதி பாதியாக ஏற்றினேன்.

அதற்குப் பிறகு நோட்டில் ஒரு பத்தி கூட்டினேன். எடைக்குப் பக்கத்தில் ஈறு, காது, திமில். மூன்றும் எழுதாமல் எடையை எழுதக்கூடாது என்று எனக்கே ஒரு விதி.

புதன் முதல் ஞாயிறு வரை

இந்த ஐந்து நாளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, நல்லவேளை. புதன் இரவு கடைசி வாந்தி. வியாழன் காலையில் கிளினிக் போய் ஒரு தடவை நரம்பு வழியாக ஏற்றிவந்தோம். அதே வியாழன் மத்தியானம் முதல் சாப்பாடு: தோல் நீக்கி வேகவைத்து மசித்த கோழிக்கறி, குழைந்த சாதத்தோடு, ஒரு தேக்கரண்டி. உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் இல்லை. குடலுக்கு ஓய்வு என்று நாள்கணக்கில் பட்டினி போடுவது பழைய வழக்கம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வாந்தி அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். குடல் செல்கள் தங்களுக்கான சத்தில் பெரும் பங்கை உள்ளே வரும் சாப்பாட்டிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கின்றன. வெறுங்குடல் ஆறுவதற்கு நாளாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தேக்கரண்டி. வெள்ளிக்கிழமை அது தானாக எழுந்து கிண்ணத்தில் தண்ணீர் நக்கியது. ஐந்தாறு நக்கு. மகன் எண்ணினான்.

இதற்கிடையில் வந்த யோசனைகளுக்கு அளவில்லை. வேப்பிலை உருண்டை, மாதுளந்தோல் கஷாயம், பச்சை முட்டை, இளநீர். யாரும் கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஆனால் வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் உருண்டையைத் திணித்தால் மூச்சுக்குழாய்க்குள் போகும். பச்சை முட்டையில் இருக்கும் கிருமிக்கு இந்தக் குடலில் தடுப்பே இல்லை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, பேதியில் போகும் உப்பை அது ஈடு கட்டாது. பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்கலாமா என்று நானே கேட்டேன். கூடாது என்றார் டாக்டர், உள்ளே இருக்கும் நச்சு வெளியேற வழி வேண்டும்.

எட்டாம் நாள் ஞாயிறு, எடை 2.980, முதுகில் திமில் இல்லாமல். முதன்முதலாகக் கட்டியான மலம். பதினோராம் நாள் 3.140. அன்றோடு நோட்டை மூடினேன்.

தரையைக் கழுவிய கதை

எங்கள் மருத்துவமனையில் கைக்கு ஸ்பிரிட் கலந்த சானிடைசர்தான் கடவுள். பார்வோவிடம் அது பலிக்காது. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, அதனால் ஸ்பிரிட்டும் பினாயிலும் டெட்டாலும் அதை ஒன்றும் செய்வதில்லை. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குளோரின் வேலை செய்யும். முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்குப் போகக் கழுவி, அப்புறம் திரவ பிளீச் ஒரு பங்கு தண்ணீர் முப்பது பங்கு கலந்து, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுவிட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அழுக்கோடு போய்விடும். சேலைத் துண்டுகளை எரித்துவிட்டேன். எல்லோருடைய செருப்பும் வாசலில் பிளீச் தட்டில் நனைந்தது. நிறம் போனதற்கு மகன் இன்னும் திட்டுகிறான்.

நோய் தீர்ந்த பிறகும் இரண்டு வாரம் போல மலத்தில் வைரஸ் வரலாம் என்பதால் செம்பி ஒரு மாதம் வாசலைத் தாண்டவில்லை.

டீக்கடைக்குப் பின்னால் மீதி இருந்த இரண்டில் ஒன்று அந்த வாரமே செத்தது. இன்னொன்றுக்கு ஒன்றுமே ஆகவில்லை. எந்த வைத்தியமும் இல்லாமல் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் செம்பி பிழைத்தது என் ஊசியாலா, அதன் அதிர்ஷ்டத்தாலா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஞாயிறு இரவே கிளினிக் போயிருந்தால் புதன் அதிகாலை அப்படி இருந்திருக்காது என்பதை மட்டும் சொல்வேன். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி குறைந்துகொண்டே வரும் வயது ஆறு முதல் பதினாறு வாரம். ஆறு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை ஊசி போடச் சொல்வது அந்த இடைவெளிக்காகத்தான். நான் சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். வைத்தியத்துக்கு ஆன செலவில் தெரு முழுவதும் உள்ள குட்டிகளுக்குப் போட்டிருக்கலாம்.

டீக்கடை அண்ணனிடம் விறகுக் கட்டையை அகற்றச் சொல்லி, அந்த இடத்தில் பிளீச் ஊற்றினேன். "வெயில்னுதானக்கா நெனச்சேன்" என்றார். நானும்தான் என்றேன்.

அந்த ஒரு மாதம் முடிந்ததும் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனோம். பார்வோ வந்து போனதால் மற்ற நோய்களுக்கு ஊசி தேவையில்லை என்று ஆகாது. கிளினிக் தராசில் 5 கிலோ 20 கிராம். அன்று காலையில் மாமாவின் தராசில் 5 கிலோ 45 கிராம் காட்டியிருந்தது. டாக்டர் எழுதும்போது என் மகன், "சார், உங்க தராசு தப்பு" என்றான். அவர் எடையை விட்டுவிட்டுச் செம்பியின் உதட்டைத் தூக்கி ஈறை அழுத்தினார். விரலை எடுப்பதற்குள் சிவந்துவிட்டது. விரலையும் கடித்துவிட்டது.